முதல் திறப்புச் சான்று

என் அத்தான் பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருடத்தில் அவர் இடித்தது ஒன்றே ஒன்று, பணிமனை ஓரத்தில் கிடந்த காலி எண்ணெய்ப் பீப்பாய். இடித்த கையோடு இறங்கி அதைத் தூக்கி நிறுத்தி, “மன்னிச்சுக்கப்பா” என்று சொன்னாராம். நடத்துநர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்ற சந்தேகம் சாலைத் தகுதித் தேர்வாணையத்துக்கு வந்துவிட்டது.

அவருக்கு மட்டும் வந்த சோதனை என்று சொல்ல முடியாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லா ஓட்டுநர்களும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் ஓர் ஆய்வாளர் பக்கத்து இருக்கையில் உட்காருவார். அத்தான் ஊரை ஒரு சுற்று சுற்றுவார். ஆய்வாளர் பாதி வழியில் தூங்கிப்போவார். அவர் தூங்கியதே ஓட்டுநர் நல்லவர் என்பதற்கு அத்தாட்சி. ஆணையம் இதில் பெரிய அநீதி ஒன்றைக் கண்டுபிடித்தது. ஒருவர் தேர்வு நாளில் மழை, இன்னொருவர் நாளில் வெயில். ஒருவருக்குக் குறுக்கே நாய் வருகிறது, இன்னொருவருக்கு ஒன்றும் வரவில்லை. சமத்துவம் எங்கே? ஆகவே தேர்விலிருந்து சாலையை நீக்கிவிட்டு ‘மெய்நிகர் சாலை’ என்று ஒன்றைத் தருவித்தார்கள்.

நான் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அந்த மெய்நிகர் சாலை என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கடைகளில் பெட்டியில் போட்டு விற்கிற பேருந்து கேம். பெட்டியின் மேல் தொப்பி போட்ட முயல் ஒன்று ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நானே முப்பது நாற்பது வீடுகளில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆணையம் பெட்டியிலிருந்த முயலைச் சுரண்டிவிட்டுத் தன் முத்திரையை ஒட்டியிருந்தது. வளாகத்துக்குள் அதை ‘கேம்’ என்று அழைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சுவரில் எழுதியும் வைத்திருந்தது.

ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் ‘சாலைக்குப் பொருந்தாதோர்’ பட்டியலில் பெயர் ஏறும். அதிலிருந்து யாரும் இதுவரை வெளியே வந்ததில்லை. வெளியே வருவதற்கான படிவத்தை அவர்கள் இன்னும் அச்சடிக்கவில்லை. அத்தானின் உரிமம் மாதக் கடைசியோடு முடிகிறது.

“இவருக்கு வண்டியை விட்டா வேற என்னடா தெரியும்? வீட்ல ஒரு பல்பு மாத்தத் தெரியாது” என்றாள் அக்கா. “நீ கூடப் போ. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது.”

முதல் முறை இரண்டாம் தேதி. உறவினர்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்கலாம். உள்ளே ஒரு மேசை, ஒரு திரை, மேசையில் திருகி மாட்டிய ஸ்டியரிங், காலடியில் மூன்று மிதிகள். உட்காருவதற்குச் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி. அத்தான் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். நாற்காலி இரண்டடி பின்னால் உருண்டது. அங்கிருந்தவரிடம் அதைப் பணிவாகச் சொன்னார்.

“வண்டின்னா நகரத்தானே செய்யும்?” என்றார் அவர்.

அவர்தான் முதல் திறப்பு அலுவலர். அவருடைய வேலையை விளக்க வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் அழிப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து, கணினியிலிருக்கும் கேமை அடையாளம் தெரியாமல் அழிப்பார்கள். பிறகு புதிதாக ஏற்றுவார்கள். மவுஸைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டி அரக்கு வைப்பார்கள். தேர்வெழுதுபவர் எழுந்து நின்று, ‘இச்சாலையில் எனக்கு முன் எவரும் ஓட்டியதில்லை’ என்று உரக்கப் படித்துக் கையெழுத்திட்டு, அரக்கை உடைத்து, கேமைத் திறக்க வேண்டும். அலுவலர் முதல் திறப்புச் சான்று வழங்குவார். எப்போதோ ஒருவருக்கு முந்தையவரின் புள்ளிகளும் சேர்ந்து விழுந்துவிட்டனவாம். அவர் அப்போதைய ஆணையருக்குச் சம்பந்தி. அதனால் விசாரணை வரவில்லை, விதி மட்டும் வந்தது.

அத்தான் படித்தார், உடைத்தார், திறந்தார். கடிகாரம் ஓடத் தொடங்கியது. மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

திரையில் முயல் குதித்து வந்தது. “வணக்கம் நண்பா! பேருந்துன்னா என்னன்னு தெரியுமா? வா, கத்துக்கலாம்!” புதிதாக ஏற்றிய கேமில் இந்த முயலைத் தாண்ட வழியே கிடையாது. பேருந்துக்கு எத்தனை சக்கரம் என்று அது கேட்டது. அத்தான் ஆறு என்றார். நான்கு என்று முயல் திருத்தியது. அடுத்து, எந்த நிறத் தொப்பி வேண்டும் என்று கேட்டது.

“எந்தத் தொப்பி சார் போடணும்?” என்று அத்தான் திரும்பினார்.

“தேர்வு சம்பந்தமா எதுவும் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு” என்றார் அலுவலர்.

அத்தான் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பினார். பேருந்து இரண்டு நொடி ஓடியது. நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் படம் அசையவில்லை. பிறகு பார்த்தால் வண்டி அடுத்த தெருவில் இருந்தது. அத்தான் வளைவைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் வளைவு பின்னால் போய்விட்டது. தூரத்தில் ஒரு சைக்கிள்காரன் தெரிந்தான். அத்தான் பிரேக்கை மிதித்தார். நாற்காலி உருண்டது. படம் நின்றது. படம் மறுபடி அசைந்தபோது சைக்கிள் மட்டும் இருந்தது. இன்னொரு முறை நின்று அசைந்தபோது பேருந்து ஒரு நீரூற்றின் உச்சியில் நின்றுகொண்டிருந்தது. மேலே எப்படிப் போனது என்று அத்தானுக்கும் தெரியவில்லை, முயலுக்கும் தெரியவில்லை.

பதினோராவது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. சாலை வழுக்கிக்கொண்டு ஓடியது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, நீரூற்றிலிருந்து வண்டியை அழகாக இறக்கி, ஒரு நிமிடம் ராஜா மாதிரி ஓட்டினார். நேரம் முடிந்தது. திரையில் ஊதல் ஒலித்து, ‘மீண்டும் விளையாடவா?’ என்ற எழுத்து வந்தது. அந்த எழுத்தை மறைக்கத் திரைக் கண்ணாடியில் ஏற்கெனவே ‘தேர்வு நிறைவுற்றது’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சாலையின் இடது பக்கமும் அந்தத் தாளுக்குள்தான் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குக் கோளாறு இன்னதென்று அங்கேயே தெரிந்துவிட்டது. என் கடைக்கு வாரம் இரண்டு பேராவது இதே புகாரோடு வருவார்கள். புதிதாக ஏற்றிய கேம், முதல் தடவை திறக்கும்போது, ஒவ்வொரு மரத்தையும் நிழலையும் கண்ணாடியையும் அந்தக் கணினியில் எப்படி வரைவது என்று அப்போதுதான் கற்றுக்கொள்ளும். புதிதாக ஒன்று எதிரே வரும்போதெல்லாம் நின்று யோசிக்கும். கற்றதைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை குறிப்பைப் பார்த்துக் கடகடவென்று வரைந்துவிடும். “ஒரு பத்து நிமிஷம் சும்மா ஓட விடுங்க, தானா சரியாகிடும்” என்று சொல்லி அனுப்புவேன். காசுகூட வாங்குவதில்லை. ஆணையம் அந்தக் குறிப்பைத்தான் ஆளாளுக்கு அரக்கு வைத்து அழித்துக்கொண்டிருந்தது.

அத்தான் புகார் எழுதப் படிவம் வாங்கினார். ‘மெதுவாக இயங்கியது எது?’ என்ற கேள்விக்குக் கீழே மூன்று கட்டம்: கண், கை, கால். திரை என்று கட்டம் இல்லை. அவர் கண்ணைத் தேர்ந்தெடுத்தார். கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். கண்ணில் குறையில்லை என்று சான்று வந்தது. கையைத் தேர்ந்தெடுத்தார். காலையும் தேர்ந்தெடுத்தார். மூன்று சான்றும் சேர்ந்த பிறகு, உறுப்புகள் எல்லாம் நன்றாக இருப்பதால் புகாருக்கு இடமில்லை என்று பதில் வந்தது.

நான் விடவில்லை. கணினியை ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஆச்சரியம், ஒப்புக்கொண்டார்கள். மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு வந்தது. ஒருவர் தேர்வு முடித்து எழுந்த சூட்டோடு, அதே கணினியில், அதே கேமில் தலைமை ஆய்வாளர் உட்கார்ந்தார். அழிக்கவில்லை. ஆய்வுக்கு அழிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. முயல் வரவில்லை. சாலை வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் ஒரு கையால் ஓட்டி, மறு கையால் எங்களுக்கு டாட்டா காட்டினார். சைக்கிள்காரனுக்கு வழி விட்டார்.

“பாத்தீங்களா? எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. நான் வீட்ல ஸ்கூட்டர்கூட வச்சுக்கல. நானே ஓட்டிட்டேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்று அத்தானைக் கேட்டார்.

நான் கண்ணாடிக்கு வெளியிலிருந்து, “சார், இது ரெண்டாவது திறப்பு சார்! முதல் திறப்பைப் பாருங்க!” என்று கத்தினேன். குழு இதையும் பதிவு செய்தது. ‘இயந்திரத்தில் குறை இல்லை. குறை ஓட்டுநரிடம். உறவினரிடமும் சற்று.’

பன்னிரண்டாம் தேதி ஆணையரையே போய்ப் பார்த்தோம். அவர் அறையில் கண்ணாடிப் பேழைக்குள் பழைய அரக்கு உடைசல்களை ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். பொறுமையான மனிதர். நான் மரம், நிழல், குறிப்பு எல்லாவற்றையும் விளக்கி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

“தம்பி, நீங்க சொன்னது எனக்கு நல்லா புரிஞ்சிடுச்சு. ஒருதடவை முன்னாடியே ஓட விட்டுட்டா படம் சீரா வரும். அவ்வளவுதானே?”

“ஆமா சார். பத்தே நிமிஷம்.”

“அப்போ எல்லாரும் தேறிடுவாங்களே.”

“நல்லா ஓட்டறவங்க தேறுவாங்க சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். இங்க வர்றவங்க எல்லாம் இருபது வருஷம், முப்பது வருஷம் ஓட்டினவங்க. எல்லாரும் தேறிட்டா, அப்புறம் தேர்வு எதுக்குன்னு எவனாவது கேப்பான். இப்போ நூத்துக்கு ஆறு பேர் தேறறாங்க. இவ்வளவு கஷ்டமான தேர்வு எங்கயும் இல்லைன்னு வெளிநாட்டுலேர்ந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. அந்தப் பேரைக் கெடுத்துக்கச் சொல்றீங்களா?”

“சார், படம் மெதுவா இருக்கறது அநியாயம் இல்லையா?”

“எல்லாருக்கும்தானே மெதுவா இருக்கு? யாருக்காவது வேகமா இருந்தா சொல்லுங்க, உடனே நடவடிக்கை எடுக்கறேன்.” தண்ணீர் குடித்துக்கொண்டார். “அழிப்புப் பிரிவுல நாப்பத்தோரு பேர் வேலை பாக்கறாங்க. அழிக்க வேண்டாம்னா அவங்க எங்க போவாங்க? அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. உங்க அத்தான் ஒருத்தர். நீங்களே சொல்லுங்க.”

அத்தான் எழுந்து கும்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சார், நான் தப்பா ஓட்டலை சார். ரோடு வரதுக்குள்ள ரோடு போயிடுது. அதை மட்டும் எங்கயாவது எழுதிக்குங்க சார்” என்றார் அத்தான்.

ஆணையர் நெகிழ்ந்துபோனார். அவர் நெஞ்சில் ஈரம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உடனே ஒரு சலுகை அறிவித்தார். இனி தேர்வின்போது படம் மெதுவாக இருந்தால், ஓட்டுநர் கையை உயர்த்தித் தெரிவிக்கலாம்.

மறுநாள் இரண்டாம் முறை. முயலிடம் இந்தத் தடவை நான்கு சக்கரம் என்றே சொன்னார். நீலத் தொப்பி போட்டார். வண்டி கிளம்பியது, நின்றது. அத்தான் கையை உயர்த்தினார். அலுவலர் குறித்துக்கொண்டார். தேர்வை நிறுத்தினார். ஓட்டும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்ததால் தேறவில்லை என்று தாள் கொடுத்தார். முயல் கண்ணீர் விட்டு அழுதது. அதுவும் முதல் திறப்பாதலால் ஒரு கண்ணீர்த் துளி கன்னத்தில் நெடுநேரம் நின்றது.

வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏழாம் எண் பேருந்து எங்களைக் கடந்து போனது. அது அவருடைய வண்டி. யாரோ ஓட்டிக்கொண்டு போனார். அத்தான் நின்று, அது திரும்பி மறையும் வரை பார்த்தார். “கியர் மாத்தறப்ப முனகுது பாரு. அதுக்கு ரெண்டாவது கியர்ல கொஞ்சம் நேரம் குடுக்கணும். அவனுக்குத் தெரியல” என்றார்.

நூற்றுக்கு ஆறு பேர் எப்படித் தேறுகிறார்கள் என்று விசாரித்தேன். மெனக்கெட்டு அலைந்ததில் உண்மை தெரிந்தது. அந்த ஆறு பேருக்கும் தேர்வின் நடுவில் மின்சாரம் போயிருக்கிறது. மின்சாரம் வந்ததும் அழிக்காமல் மறுபடி திறந்திருக்கிறார்கள். வேறு திறமை எதுவும் அவர்களிடம் இல்லை. இதைக் கேட்டதும் அக்கா, முப்பதாம் தேதி கரண்ட் போக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளத் தொடங்கினாள். வீட்டில் கரண்ட் போகும்போதெல்லாம், “இன்னிக்கு ஏன் போற? முப்பதாம் தேதி போ” என்று விளக்கைப் பார்த்துத் திட்டினாள்.

எனக்கு வேறொரு யோசனை வந்தது. இப்போது நினைத்தால் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. கடையில் ஒரு பழைய கணினியில் அந்த கேமை ஏற்றினேன். ஸ்டியரிங்கும் மிதிகளும் வாங்கி மாட்டினேன். சக்கரம் வைத்த நாற்காலியைப் போட்டேன். இடது பக்கம் ஒரு தாளும் ஒட்டினேன்.

“அத்தான், அவங்க மாற மாட்டாங்க. நாம மாறிக்கலாம். முதல் திறப்புல எங்கெங்க நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு மனப்பாடம் பண்ணிடுங்க. ஒவ்வொரு தடவையும் நான் அழிச்சு அழிச்சு ஏத்தித் தரேன்.”

“அது வண்டி ஓட்டறது ஆகாதே மாப்ளே.”

“லைசென்ஸ் வாங்கறது ஆகும்.”

அவர் உட்கார்ந்தார். காலையில் கடை திறக்கும்போது வந்துவிடுவார். நான் அழிப்பேன், ஏற்றுவேன், அவர் திறப்பார். பன்னிரண்டு நிமிடம். மறுபடி அழிப்பேன். கடைக்கு வருகிறவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். அழிப்புப் பிரிவில் நாற்பத்திரண்டாவது ஆளாக நான் சம்பளமில்லாமல் வேலை பார்த்தேன்.

முதல் வாரம் நீரூற்று, கடைச் சுவர், ஒரு தடவை ஆற்றுக்குள். இரண்டாம் வாரம் அவருக்குப் பிடிபட்டது. இரண்டு நொடி ஓட்டம், ஒரு மூச்சு நிறுத்தம். நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்துவிட வேண்டும், வளைவு வந்த பிறகு திருப்பக் கூடாது. நான்காவது நிமிடம், மூன்றாவது மரம் தாண்டியதும், சைக்கிள்காரன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பிரேக். நிறுத்தத்துக்கு நாற்பதடி முன்னாலேயே நிறுத்தினால், படம் அசையும்போது வண்டி சரியாக நிறுத்தத்தில் இருக்கும். கண்ணால் பார்ப்பதை நம்பக் கூடாது. இந்தக் கடைசிப் பாடம்தான் அவருக்கு மிகவும் சிரமமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் கண்ணை நம்பியே வண்டி ஓட்டியவர்.

“உங்க அத்தானைக் கொஞ்சம் கவனிச்சியாடா?” என்று அக்கா ஒருநாள் கடைக்கு வந்து கேட்டாள். “ரெண்டு வாய் சாப்பிடறார், அப்புறம் கை அப்படியே நிக்குது. மறுபடி ரெண்டு வாய். நடக்கறதும் அப்படித்தான். நேத்து வாசல்ல யாருமே இல்ல, யாருக்கோ வழி விட்டு ஒதுங்கி நின்னார்.”

“பயிற்சி அக்கா. முப்பதாம் தேதியோட சரியாகிடும்” என்றேன். நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

முப்பதாம் தேதி கரண்ட் போகவில்லை. அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் உரக்கப் படித்தார். அரக்கை உடைத்தார். முயலுக்கு அது கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். மஞ்சள் தொப்பி. கிளம்பினார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் நின்றது, அத்தானின் கை திரும்பியது. படம் அசைந்தது, வண்டி வளைவுக்குள் இருந்தது. மூன்றாவது மரம் தாண்டியதும் வெற்றுச் சாலையில் பிரேக்கை மிதித்தார். நாற்காலி உருளாதபடி மேசைக் காலில் முழங்காலை முட்டுக் கொடுத்திருந்தார். படம் நின்று அசைந்தபோது சைக்கிள்காரன் நிதானமாகக் கடந்து போனான். நாற்பதடி முன்னால் நிறுத்தினார், நிறுத்தத்தில் நின்றது. பதினோராவது நிமிடம் சாலை வழுக்கத் தொடங்கியபோதுதான் கொஞ்சம் தடுமாறினார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. முயல் குட்டிக்கரணம் போட்டது. திரையில் நாணயங்கள் கொட்டின.

அக்கா அழுதாள். நானும் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். முதல் திறப்பு அலுவலர் எழுந்து நின்று கைதட்டினார். ஆணையரே இறங்கி வந்து அத்தானின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

“இவர் ஒரு காலத்துல நம்ம மேலயே புகார் குடுத்தவர்” என்று ஊழியர்களைப் பார்த்துப் பேசினார். “நாம என்ன பண்ணோம்? எதையும் மாத்தல. ஒரு ஆணிகூட மாத்தல. அவரைத்தான் மாத்தினோம். இதுக்குப் பேருதான் நிர்வாகம்.”

நாற்பத்தொரு பேரும் கைதட்டினார்கள். அத்தான் படம் ‘முதல் திறப்பிலேயே தேறியவர்’ என்று வாசலில் மாட்டப்பட்டது. உரிமத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள், ஐந்து வருடத்துக்கு.

மறுநாள் ஏழாம் எண் பேருந்தில் நானும் அக்காவும் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள். நாற்பது பேருக்கு மேல் கூட்டம். அத்தான் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிவிட்டு வண்டியை எடுத்தார்.

இரண்டு நொடி ஓடியது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. வண்டி குலுங்கி நின்றது. மறுபடி இரண்டு நொடி. பின்னால் நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். வளைவு வருவதற்கு முன்பே ஸ்டியரிங்கைத் திருப்பினார், சக்கரம் நடைபாதை ஏறி இறங்கியது. முதல் நிறுத்தத்துக்கு நாற்பதடி முன்னாலேயே நிறுத்திக் கதவைத் திறந்தார். நிறுத்தத்தில் நின்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான்காவது நிமிடம் வெற்றுச் சாலையில் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தார். ஒருவர் பையிலிருந்த வெங்காயம் வண்டி முழுக்க உருண்டது. குறுக்கே யாரும் வரவில்லை. அத்தான் காத்திருந்தார். சைக்கிள்காரன் கடந்து போகிற நேரம் வரை காத்திருந்துவிட்டுத்தான் எடுத்தார்.

“டிரைவர், வண்டில என்னங்க கோளாறு?” என்று ஒருவர் கத்தினார்.

அத்தான் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். எழுந்து பயணிகளைப் பார்த்துத் திரும்பினார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. “வண்டில குறை இல்லைங்க. எனக்குத்தான். ரோடு ரொம்ப வழுக்கிட்டு ஓடுது, பயமா இருக்கு. இன்னிக்குத்தான் மறுபடி முதல்தடவை. ஒரு பத்து நிமிஷம் குடுங்க, தானா சரியாகிடும்” என்றார். கைகளைக் கூப்பியபடியே வைத்திருந்தார்.

அது நான் என் கடையில் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி அனுப்புகிற வார்த்தை. எழுந்து நின்று, “குடுங்க, பத்தே நிமிஷம் குடுங்க!” என்று நானும் கத்தினேன். யாரும் கேட்கவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இன்னொருவர் ஏற்கெனவே பணிமனைக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

பணிமனை ஆய்வாளர் இருசக்கர வண்டியில் வந்தார். அத்தானை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து, தெரு முனை வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். வண்டி அலுங்காமல் போய் அலுங்காமல் வந்தது. பயணிகளுக்கு ஒரு கையால் டாட்டா காட்டினார். பிறகு தாளை முழங்கால் மேல் வைத்து எழுதினார்: ‘இயந்திரத்தில் குறை இல்லை. குறை ஓட்டுநரிடம். உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது. மறு தேர்வுக்கு ஆணையத்துக்கு அனுப்பவும்.’

அக்கா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்ல புடவை மண்ணாவதை அவள் கவனிக்கவில்லை. எனக்கு அத்தான் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

அவர் தாளை அக்காவின் கையிலிருந்து எடுத்தார். இரண்டு வரி படித்தார், நின்றார். மறுபடி இரண்டு வரி படித்தார். பிறகு, இந்த ஒரு மாதத்தில் முதல்முறையாக, அவர் முகம் தெளிந்தது.

“எழுந்திரும்மா” என்று அக்காவின் தோளைத் தொட்டார். “எதுக்கு அழற? அங்கதானே போகச் சொல்றாங்க. அங்க நான் நல்லா ஓட்டுவேன்.”